சிவப்புக் கடற்பாசியும் ஒளிச்சேர்க்கையும்: லாரன்ஸ் பிளிங்க்ஸின் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவில் பசிபிக் குரோவ் என்ற கடலோர ஊரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. லாரன்ஸ் பிளிங்க்ஸ் (1900–1989) அங்கே நெடுங்காலம் பணியாற்றினார், அதன் இயக்குநராகவும் இருந்தார். அவரும் பிரான்சிஸ் ஹாக்ஸோவும் சேர்ந்து 1950-இல் கடற்பாசிகளின் செயல் நிறமாலை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒளிச்சேர்க்கையில் இரண்டு ஒளி அமைப்புகள் உண்டு என்று இன்று பள்ளியிலேயே படிக்கிறோம். அந்த முடிவுக்குப் போன வழியில் இந்தக் கட்டுரை ஒரு முக்கியமான படி. பாடம் எடுப்பவர்களும் ஆய்வகத்தில் செய்து பார்க்க விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அவர்கள் விடை தேடிய கேள்வி என்ன?

பாசியின் உடலில் பல நிறமிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பச்சையம் உண்டு. அதோடு பழுப்புப் பாசியில் ஃபியூக்கோசாந்தின் இருக்கும், சிவப்புப் பாசியில் ஃபைகோஎரித்ரினும் ஃபைகோசயனினும் இருக்கும். இந்த நிறமிகள் ஒளியை ஈர்க்கின்றன என்பதில் ஐயமில்லை. ஈர்த்த ஒளி ஒளிச்சேர்க்கைக்குப் போய்ச் சேருகிறதா, எந்த நிறமி பிடித்த ஒளி எவ்வளவு ஆக்சிஜனாக வெளிவருகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு இரண்டு வரைபடங்கள் தேவை. எந்த அலைநீளத்தில் பாசி எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று காட்டுவது ஈர்ப்பு நிறமாலை. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று காட்டுவது செயல் நிறமாலை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் ஈர்த்த ஒளியெல்லாம் வேலைக்குப் போகிறது என்று கொள்ளலாம். பொருந்தாத இடத்தில்தான் செய்தி இருக்கிறது.

அதற்கு முன் யாரும் இதை அளக்கவில்லையா?

அளந்தார்கள். உட்ரெக்ட்டில் எங்கல்மான் 1880-களிலேயே நுண்ணோக்கியின் கீழ் பாசி இழையின்மேல் நிறமாலையை விழவைத்தார். ஆக்சிஜனைத் தேடிப்போகும் பாக்டீரியா எந்த நிறத்தில் கூடுகிறது என்று பார்த்தார். சிவப்புப் பாசி பச்சை ஒளியை நன்றாகப் பயன்படுத்துகிறது என்பதையும் அவரே சொன்னார். அழகான சோதனைதான், ஆனால் பாக்டீரியாக் கூட்டத்தை வைத்து நுட்பமான எண் எடுக்க முடியாது. பின்னால் வந்த அழுத்தமானி முறையில் (வெளிவரும் வாயுவின் அழுத்த மாற்றத்தை அளப்பது) எண் கிடைத்தது, ஆனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் நேரம் பிடித்தது. பல அலைநீளங்களை ஒரே பாசித் துண்டில், அது வாடுவதற்குள் அளந்து முடிக்க வேகமான கருவி வேண்டும். பிளிங்க்ஸ் 1938-லேயே ஸ்கோ என்பவருடன் சேர்ந்து அப்படி ஒரு மின்முனை முறையை வெளியிட்டிருந்தார்.

அந்த மின்முனை எப்படி வேலை செய்கிறது?

தட்டையான பிளாட்டினப் பரப்பு ஒன்று. அதன்மேல் பாசியின் மெல்லிய துண்டு நேராக ஒட்டிக் கிடக்கும். துண்டு நழுவாமல் இருக்க மேலே ஈரமான செல்லோபேன் தாளைப் போர்த்துவார்கள். சுற்றிலும் கடல்நீர், பக்கத்தில் ஒப்பீட்டு மின்முனை. பிளாட்டினத்துக்கு ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வோல்ட் வரை எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், அதைத் தொடும் ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறும் நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடாக மாறும். அந்த எலக்ட்ரான் ஓட்டத்தைத்தான் மின்னோட்டமாக அளக்கிறோம்.

கடல்நீரே நல்ல மின்கடத்தி என்பதால் தனியாக உப்புக் கரைசல் தேவையில்லை. கடற்பாசிக்கு இந்த முறை இவ்வளவு நன்றாகப் பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மின்முனை தனக்கு வரும் ஆக்சிஜனைத் தானே தின்றுவிடும். அதனால் நீரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது காட்டாது, இந்த நொடியில் எவ்வளவு வந்துகொண்டிருக்கிறது என்றுதான் காட்டும். ஒளியை மாற்றினால் மின்னோட்டம் உடனே அசையும். பின்னால் 1957-இல் பிளிங்க்ஸ் கண்டுபிடித்த நிகழ்வு கண்ணில் பட்டதே இந்த வேகத்தால்தான்.

ஏன் மெல்லிய பாசிகளையே தேர்ந்தெடுத்தார்கள்?

ஆக்சிஜன் உயிரணுவிலிருந்து கிளம்பிப் பிளாட்டினத்தை அடையும் தூரம் கூடக் கூட, மின்முனை தாமதமாகப் பதில் சொல்லும். பச்சைப் பாசியான உல்வா இரண்டே உயிரணு அடுக்குகள் தடிமன் உள்ளது. சிவப்புப் பாசியான போர்ஃபைராவில் பல இனங்களின் தாள் ஒரே அடுக்குதான், விரலில் ஒட்டினால் ரேகை தெரியும். தடித்த பாசியில் இன்னொரு சிக்கலும் வரும். மேல் அடுக்கு ஒளியைப் பிடித்துக்கொள்ள, கீழ் அடுக்கு இருட்டில் சுவாசித்து ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டிருக்கும். அப்போது கிடைப்பது எந்த நிறமியின் திறமையையும் காட்டாத எண்.

கருவியில் என்னென்ன கோளாறு வரும்?

துண்டுக்கும் பிளாட்டினத்துக்கும் நடுவே சிறு காற்றுக்குமிழி சிக்கினால் போதும், எண் எல்லாம் பாழ். குமிழி ஆக்சிஜனைச் சேர்த்துவைத்து மெதுவாக விடும். துண்டை நீருக்குள் வைத்தே மின்முனைமேல் சறுக்கி ஏற்ற வேண்டும். பாசியின் வழவழப்பு நாளடைவில் பிளாட்டினத்தில் படிந்து மின்னோட்டத்தைக் குறைக்கும். அதனால் வரிசையின் தொடக்கத்தில் எடுத்த அலைநீளத்தை இடையிலும் முடிவிலும் மறுபடி எடுத்துப் பார்ப்பது கட்டாயம். மூன்றும் ஒத்துவராவிட்டால் அந்த வரிசையையே விட்டுவிடுவது நல்லது.

ஒளியின் அளவில் செய்யும் தவறு இதைவிட மோசமானது. ஒளி மிகுந்துவிட்டால் ஒளிச்சேர்க்கை தன் உச்சவேகத்தைத் தொட்டுவிடும், எந்த நிறத்தைக் கொடுத்தாலும் ஒரே விடை வரும், செயல் நிறமாலை தட்டையாகிவிடும். ஒளியை இரட்டிப்பாக்கினால் ஆக்சிஜனும் இரட்டிப்பாகும் தாழ்ந்த ஒளியில்தான் அளக்க வேண்டும்.

ஹாக்ஸோவும் பிளிங்க்ஸும் எல்லா அலைநீளத்திலும் சம ஆற்றலைக் கொடுத்தார்கள். சம ஆற்றல் என்றால் சம ஃபோட்டான் அல்ல. 435 நானோமீட்டர் ஒளியைவிட 675 நானோமீட்டர் ஒளியில், அதே ஆற்றலுக்கு 1.55 மடங்கு ஃபோட்டான்கள் உண்டு. ஒளிச்சேர்க்கை ஃபோட்டான் எண்ணிக்கையில் நடப்பதால், வேறு ஆய்வுகளோடு ஒப்பிடும்போது இந்தத் திருத்தத்தைச் செய்தாக வேண்டும்.

முடிவு என்ன வந்தது?

நிறப்பிரிகைக் கருவியிலிருந்து ஏறத்தாழ 35 அலைநீளங்களில் ஒளி எடுத்து அளந்தார்கள். பச்சைப் பாசிகளான உல்வா, மோனோஸ்ட்ரோமா இரண்டிலும் ஈர்ப்பு, செயல் வரைபடங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. பழுப்புப் பாசியான கொய்லோடெஸ்மியிலும் பெருமளவு பொருந்தின. ஃபியூக்கோசாந்தின் பிடிக்கும் ஒளியும் வேலைக்குப் போகிறது என்பது தெரிந்தது.

சிவப்புப் பாசிகளில் கதை மாறியது. டெலெசீரியா, ஸ்கைசிமீனியா போன்ற ஃபைகோஎரித்ரின் மிகுந்த பாசிகளின் செயல் வரைபடம், நீரில் பிரித்தெடுத்த ஃபைகோஎரித்ரின் கரைசலின் ஈர்ப்பு வரைபடத்தையே உரித்து வைத்திருந்தது. 495, 540, 565 நானோமீட்டரில் முகடுகள். பச்சையம் ஒளியை மிக அதிகமாக ஈர்க்கும் 435-இலும் 675-இலும் ஆக்சிஜன் ஏறக்குறைய அடிமட்டத்தில் கிடந்தது. பச்சைப் பாசிக்கு ஒப்பான அளவு பச்சையம் இருந்தும், அது பிடித்த ஒளிக்கு ஏற்ற ஆக்சிஜன் வரவில்லை.

போர்ஃபைரா பேரினத்தில் ஓர் அழகான வரிசை கிடைத்தது. நெரியோசிஸ்டிஸ் என்ற பெரிய பழுப்புப் பாசியின் (கெல்ப்) தண்டில் ஒட்டி வளரும் போர்ஃபைரா நெரியோசிஸ்டிஸ், கடற்புல்மேல் வளரும் போர்ஃபைரா நையாடம், பாறையில் வளரும் போர்ஃபைரா பெர்ஃபொராட்டா என்று இந்த ஒழுங்கில் ஃபைகோஎரித்ரின் குறைந்து ஃபைகோசயனின் கூடுகிறது. அதற்கேற்ப 600–640 நானோமீட்டர் பகுதியில் ஆக்சிஜனும் படிப்படியாகக் கூடியது. நிறமி மாற மாறச் செயலும் கூடவே மாறுவதால், தற்செயல் என்று ஒதுக்க இடமில்லை. இந்த இனங்களுக்கு இன்று பேரினப் பெயர்கள் மாறியிருக்கின்றன. போர்ஃபைரா நையாடம் இப்போது ஸ்மித்தோரா நையாடம். பழைய கட்டுரையைப் படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

அப்படியானால் சிவப்புப் பாசியில் பச்சையம் சும்மா இருக்கிறதா?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுவே.

சிவப்புப் பாசிகளில் முதன்மையாக ஒளி பிடிப்பது பச்சையம் அல்ல, அந்த வேலையை ஃபைகோபிலின்கள் (ஃபைகோஎரித்ரின், ஃபைகோசயனின் வகை நிறமிகள்) எடுத்துக்கொண்டன என்று 1950 கட்டுரை சொன்னது. இன்றைய அறிவில் இது பாதி உண்மை. ஒளிச்சேர்க்கையில் இரண்டு ஒளி அமைப்புகள் தொடராக வேலை செய்கின்றன. நீரைப் பிளந்து ஆக்சிஜனை விடுவது ஒளி அமைப்பு 2. அங்கிருந்து வரும் எலக்ட்ரானை மறுபடி ஒளியால் தூக்கிவிடுவது ஒளி அமைப்பு 1. சிவப்புப் பாசியில் பச்சையத்தின் பெரும்பகுதி ஒளி அமைப்பு 1-இல் குவிந்திருக்கிறது. ஒளி அமைப்பு 2-க்கு ஒளி பிடித்துத் தருவது பெரும்பாலும் ஃபைகோபிலின்கள்தான். ஃபைகோஎரித்ரின் பிடித்த ஆற்றல் ஃபைகோசயனினுக்கும், பிறகு அதே வகையைச் சேர்ந்த அல்லோஃபைகோசயனினுக்கும் தாவி, கடைசியில் பச்சையத்தை அடைகிறது.

675 நானோமீட்டர் ஒளியை மட்டும் கொடுத்தால் ஒளி அமைப்பு 1 மட்டும் மும்முரமாக ஓடும். ஒளி அமைப்பு 2-க்குத் தீனி இல்லை, நீர் பிளக்கவில்லை, ஆக்சிஜன் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஏற்றம் இறைக்கும்போது ஒருவரை மட்டும் கூலிக்கு அழைத்தது போலத்தான். அந்த ஒளியும் முழுக்க வீணாவதில்லை. ஒளி அமைப்பு 1 எலக்ட்ரானைச் சுழற்சியில் ஓட்டி, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறை உண்டாக்கும். ஆக்சிஜனை மட்டும் அளக்கும் கருவிக்கு அது தெரியாது.

பச்சைப் பாசியில் பச்சையம் இரண்டு அமைப்புகளிலும் பரவியிருக்கிறது. அதனால் 680 நானோமீட்டர் வரை இந்தச் சமநிலைக் குறை வெளியே தெரியவில்லை. அதைத் தாண்டினால் அங்கும் ஆக்சிஜன் சரியும். எமர்சனும் லூயிஸும் 1943-இல் குளோரெல்லா என்ற ஓருயிரணுப் பச்சைப் பாசியில் கண்ட ‘சிவப்பு வீழ்ச்சி’ அதுதான். அங்கே நிறமாலையின் ஓரத்தில் ஒளிந்திருந்த ஒன்று, சிவப்புப் பாசியில் பட்டவர்த்தனமாக வெளியே நிற்கிறது. பாடம் எடுப்பவர்கள் குளோரெல்லாவோடு நிறுத்தாமல் இந்தப் பாசிகளையும் காட்ட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

1957-இல் பிளிங்க்ஸ் கண்டது என்ன?

சிவப்பு ஒளி ஒன்று, பச்சை ஒளி ஒன்று. இரண்டின் அளவையும் தனித்தனியே திருத்தி, இரண்டிலும் ஒரே வேகத்தில் ஆக்சிஜன் வரும்படி வைத்தார். பிறகு ஒன்றை அணைத்த கணமே மற்றதை ஏற்றினார். இரண்டும் ஒரே வழியில் வேலை செய்தால் மின்னோட்டக் கோடு அசையாமல் போக வேண்டும். அது துள்ளிவிட்டுத்தான் பழைய நிலைக்கு வந்தது.

காரணம் இப்போது புரிகிறது. இரண்டு அமைப்புகளுக்கும் நடுவே பிளாஸ்டோகுயினோன் என்ற எலக்ட்ரான் தேக்கம் உண்டு. சிவப்பு ஒளியில் ஒளி அமைப்பு 1 அதை வடித்துவிடும். உடனே பச்சைக்கு மாறினால் ஒளி அமைப்பு 2-க்குக் காலித் தொட்டி கிடைக்கும், ஆக்சிஜன் சட்டென்று பீறிட்டுப் பிறகு தணியும். பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால் தொட்டி நிறைந்திருக்கும், ஆக்சிஜன் சற்றே சரிந்து பிறகு ஏறும்.

அதே 1957-இல் எமர்சனின் குழு, தொலைச்சிவப்போடு (நிறமாலையில் சிவப்பின் கடைக்கோடி ஒளி) குறுகிய அலைநீள ஒளியையும் சேர்த்துக் கொடுத்தால் விளைவு, தனித்தனியே கொடுத்தபோது வந்தவற்றின் கூட்டுத்தொகையை மிஞ்சுகிறது என்று காட்டியது. இதுதான் எமர்சன் விளைவு. 1960-இல் ஹில்லும் பென்டாலும் இரண்டு அமைப்புகளையும் தொடராக வைக்கும் திட்டத்தை முன்வைத்தார்கள். 1961-இல் டுய்சென்ஸும் உடன் ஆய்வாளர்களும் போர்ஃபைரிடியம் என்ற ஓருயிரணுச் சிவப்புப் பாசியில், ஒரு நிற ஒளி சைட்டோக்ரோம் என்ற எலக்ட்ரான் கடத்தும் புரதத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது, இன்னொரு நிற ஒளி அதை மறுபடி ஒடுக்குகிறது (எலக்ட்ரானைத் திருப்பித் தருகிறது) என்று நேரடியாகக் காட்டினார்கள். அங்கேயும் சிவப்புப் பாசிதான் கைகொடுத்தது.

ஆழ்கடலில் சிவப்புப் பாசி மட்டும்தான் வளருமா?

இல்லை. நீர் சிவப்பு ஒளியை வேகமாக விழுங்கும். 680 நானோமீட்டர் ஒளி தெளிந்த நீரிலும் 10 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆழத்தில் நீலமும் பச்சையும்தான் எஞ்சுவதால் சிவப்புப் பாசிக்கு அங்கே வாய்ப்பு உண்டு. பஹாமாஸில் சான் சால்வடோர் தீவு அருகே 268 மீட்டர் ஆழத்தில் பாறையோடு படிந்து வளரும் சிவப்புப் பாசியை 1980-களில் கண்டார்கள். ஆனால் 100 மீட்டருக்குக் கீழேயும் பச்சைப் பாசிகள் இருக்கின்றன. தடித்த பச்சைப் பாசி எந்த நிற ஒளியையும் பெருமளவு பிடித்துவிடும். எதிர்மாறாக, முழு வெயில் காயும் பாறையிலும் சிவப்புப் பாசி உண்டு. நிறத்தை மட்டும் வைத்து ஆழத்தைச் சொல்ல முடியாது.

எங்கள் கரையில் கிடைக்கும் சிவப்புப் பாசி பச்சையாக இருக்கிறதே?

மண்டபம், பாம்பன் பக்கம் கிடைக்கும் கஞ்சிப்பாசி வகைப்பாட்டில் சிவப்புப் பாசிதான். கடும் வெயிலிலும் ஊட்டம் குறைந்த நீரிலும் ஃபைகோஎரித்ரின் குறைந்துபோகும், அப்போது பச்சையோ மஞ்சளோ தெரியும்.

இதைக் கண்முன்னே பார்க்கலாம். நல்ல சிவப்பாக உள்ள பாசித் துண்டை 80 பாகை வெந்நீரில் போடுங்கள். சிறிது நேரத்தில் சிவப்பு கழன்று, உள்ளே மறைந்திருந்த பச்சை வெளியே வரும். ஃபைகோஎரித்ரின் ஒரு புரதம், சூட்டில் அதன் வடிவம் குலைந்து நிறம் போய்விடும். பச்சையம் சற்று நேரம் தாங்கும். உணவாகப் பயன்படும் நோரி என்ற பாசித் தாள் வறுக்காதபோது கருஞ்சிவப்பாகவும் வறுத்தபின் பச்சையாகவும் இருப்பதும் இதனால்தான்.

நிறமியைப் பிரித்தெடுப்பது எப்படி?

பாறையில் ஒட்டி உயிரோடு இருக்கும் பாசியை எடுங்கள். கரை ஒதுங்கியது ஏற்கெனவே நிறமியை இழந்திருக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே கைவைக்கக் கூடாது.

5 கிராம் பாசியைக் கடல்நீரில் அலசி மணலையும் ஒட்டுயிரிகளையும் நீக்கி, நல்ல நீரில் ஒரே ஒரு முறை விரைவாக முக்கி எடுக்கவும். நல்ல நீரில் ஊறவிட்டால் உயிரணு வெடித்து நிறமி அங்கேயே போய்விடும். பொடியாக வெட்டி, உறையவைத்து உருக்குவதை மூன்று முறை செய்யவும். 100 மில்லி நீரில் 0.87 கிராம் டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் 0.68 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் கரைத்தால் பிஎச் 6.8 அளவில் தாங்கல் கரைசல் கிடைக்கும். அதில் 25 மில்லி ஊற்றிக் குளிர்ந்த உரலில் அரைத்து, 4 பாகையில் இருட்டில் ஓர் இரவு வைத்து வடிகட்டவும். இளஞ்சிவப்பு நீர் வரும். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் ரோஜா நிறம், பக்கவாட்டில் பார்த்தால் ஆரஞ்சு ஒளிர்வு. உயிரணுவுக்குள் பச்சையத்துக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றல், போக இடமில்லாமல் ஒளியாகவே திரும்புவது அது.

மிஞ்சிய சக்கையில் 90 சதவீத அசிட்டோன் ஊற்றினால் பச்சையம் இறங்கும். ஒரே பாசியிலிருந்து சிவப்பும் பச்சையும் இரண்டு சோதனைக்குழாய்களில் நிற்கும். கரைசல் கலங்கலாக இருந்தால் அளவீடு தப்பாகும், மையவிலக்கியில் சுழற்றித் தெளியவைத்த பிறகே நிறமாலைமானியில் வைக்கவும்.

கல்லூரி ஆய்வகத்தில் பிளிங்க்ஸின் சோதனையைச் செய்ய முடியுமா?

வெற்றுப் பிளாட்டின மின்முனை இல்லாவிட்டாலும் முக்கியமான பகுதியைச் செய்யலாம். 300 மில்லி பிஓடி புட்டிகள் (நீரின் ஆக்சிஜனை அளக்கப் பயன்படும், இறுக மூடும் கண்ணாடிப் புட்டிகள்), கரைந்த ஆக்சிஜன் மானி, 525 நானோமீட்டர் பச்சை எல்இடி, 680 அல்லது 690 நானோமீட்டர் எல்இடி ஆகியவை வேண்டும். செடி வளர்க்க விற்கும் 660 நானோமீட்டர் விளக்கு இதற்குச் சரிவராது. அல்லோஃபைகோசயனினும் அங்கே ஒளியை ஈர்ப்பதால் ஒளி அமைப்பு 2-க்கும் தீனி போய்விடும், வேறுபாடு மங்கிவிடும்.

ஒவ்வொரு புட்டியிலும் 1 கிராம் ஈரப் பாசி, வடிகட்டிய கடல்நீர். நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை நிறைவளவில் முக்கால் பங்குக்குக் குறைத்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் குமிழி கட்டி ஆக்சிஜன் மானிக்குத் தப்பிவிடும். ஒளி சதுர மீட்டருக்கு நொடிக்கு 20 முதல் 30 மைக்ரோமோல் ஃபோட்டான் போதும். அதை லக்ஸ் மானியால் அளக்கவே கூடாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு ஏற்ற அளவு, பச்சையை மிகைப்படுத்தும், 680-ஐக் கிட்டத்தட்டப் பார்க்கவே பார்க்காது. ஃபோட்டானை எண்ணும் மானி வேண்டும், அதுவும் 700 வரை சரியாக எண்ணுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். காந்தக் கலக்கி ஓடட்டும், நீர் 25 பாகையில் இருக்கட்டும், ஒரு மணி நேரம் விடவும். கறுப்புத் துணி சுற்றிய புட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். உல்வாவையும் அதே வரிசையில் வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

பச்சை, தொலைச்சிவப்பு ஒளிகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்து அளந்தோம். எங்கள் கணக்கில் இரண்டு நிறமும் சேர்ந்தால் மிகப் பெரிய கூடுதல் வருகிறது. சரிதானா?

பெரும்பாலும் சுவாசத்தை இரண்டு முறை கழித்திருப்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டு எண்ணோடு பார்ப்போம். இருட்டில் பாசி மணிக்கு 1 அலகு ஆக்சிஜனைக் குடிக்கிறது. பச்சையில் மானி காட்டும் ஏற்றம் 3, தொலைச்சிவப்பில் 0.5 இறக்கம். இரண்டையும் அப்படியே கூட்டினால் 2.5. சேர்த்துக் கொடுத்தபோது 3.5 வந்தால், 40 சதவீதக் கூடுதல் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றோடும் சுவாசத்தைக் கூட்டினால் பச்சையில் 4, சிவப்பில் 0.5, மொத்தம் 4.5. சேர்ந்த ஒளியிலும் 3.5 உடன் 1 சேர்த்தால் 4.5. கூடுதல் எதுவுமே இல்லை. சேர்ந்த ஒளியின் அளவு, சுவாசத்தைக் கூட்டிய பிறகும் 4.5-ஐத் தாண்டினால் மட்டுமே அது எமர்சன் விளைவு.